பேனரைச் சுருட்டி வைத்துவிட்டு வயலில் இறங்கட்டும்

தலையில் கல்லூரிப் பெயர் போட்ட தொப்பி, கையில் பேனர், தோளில் பை. பத்துப் பன்னிரண்டு பேராக வேளாண் கல்லூரி மாணவ, மாணவியர் உங்கள் ஊருக்கும் வந்திருப்பார்கள். அசோலா வளர்ப்பது எப்படி, விதைநேர்த்தி செய்வது எப்படி என்று செயல்விளக்கம் காட்டியிருப்பார்கள். உங்களை நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்திருப்பார்கள். இரண்டு நாள் கழித்து அது செய்தித்தாளிலும் வந்திருக்கும். அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள்.

அவர்கள் திரும்பி வருவார்கள். சில ஆண்டுகளில் அவர்களில் ஒருவர் உங்கள் வட்டாரத்துக்கே வேளாண் அலுவலராக வரலாம். இன்னொருவர் நீங்கள் கடன் கேட்டுப் போகும் வங்கியில் வேளாண் கள அலுவலராக உட்கார்ந்திருப்பார். மற்றொருவர் விதை நிறுவனத்துக்காகவோ மருந்து நிறுவனத்துக்காகவோ உங்கள் வரப்பில் வந்து நிற்பார். இனி முப்பது ஆண்டுகள் உங்கள் பயிரைப் பற்றி யோசனை சொல்லப்போகிறவர்கள் இவர்கள். உங்கள் ஊரில் இருந்த சில வாரங்களில் இவர்கள் என்ன கற்றுக்கொண்டு போனார்கள் என்பது கல்லூரியின் கவலை மட்டுமல்ல, உங்கள் கவலையும்தான்.

இதற்கு ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம் என்று பெயர். 1992-ல் ரந்தாவா குழு செய்த பரிந்துரையை ஏற்று வேளாண் பட்டப்படிப்புகளில் சேர்க்கப்பட்டது. பின்னர் வந்த ஐந்தாவது முதல்வர்கள் குழுவின் பாடத்திட்டத்தில் இதற்கும் தொழிற்சாலைப் பயிற்சிக்கும் சேர்த்து 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் கிராமத்தில் இருக்க வேண்டியது 8 வாரம். மீதி நாட்கள் ஆராய்ச்சி நிலையம், வேளாண் அறிவியல் நிலையம், பயிர் மருத்துவ நிலையம், தொழிற்சாலை, அறிக்கை எழுதுவது என்று போகும்.

நானும் இந்தத் திட்டத்தில் கிராமத்துக்குப் போனவன்தான். காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் ஊர். நான் இணைக்கப்பட்டிருந்த விவசாயியின் சம்பா வயலில் ஓர் இடத்தில் பயிர் மஞ்சளாகிக் கொண்டிருந்தது. இலையைப் பிடித்துப் பார்த்தேன். தழைச்சத்துக் குறைபாடு, மேலுரமாக யூரியா போடலாம் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வயலுக்குள் இறங்கி, இரண்டு கையாலும் பயிரை விலக்கிப் பிடித்தார். "தம்பி, மேலே என்ன பார்க்கிறீங்க? தூரைப் பாருங்க" என்றார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரை அப்பிக்கொண்டு புகையான்.

பூச்சியியல் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண். புகையானின் பொருளாதாரச் சேத நிலை தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். தழைச்சத்துக் குறைந்தால் வயல் பரவலாக வெளிறும், அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். புகையான் தாக்கினால் ஆங்காங்கே வட்டத் திட்டாகக் காயும் என்பதையும் படித்திருந்தேன். குனிந்து பார்க்கத்தான் தெரியவில்லை. என் பேச்சைக் கேட்டு அவர் யூரியா போட்டிருந்தால் புகையான் இன்னும் பெருகியிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டார். மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய என்னைப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணச் சொன்னார். இடுப்பை வளைத்து முக்கால் மணி நேரம் எண்ணினேன். அன்றிலிருந்து எந்த வயலுக்குப் போனாலும் முதலில் தூரை விலக்கிப் பார்க்கிறேன்.

செய்முறைக் கல்வி என்று நான் சொல்வது இதைத்தான். பேனர் பிடித்துச் செய்யும் செயல்விளக்கத்தில் மாணவர் சொல்கிறார், நீங்கள் கேட்கிறீர்கள். அவருக்குத் தெரிந்ததையே அவர் மறுபடி ஒப்பிக்கிறார். தெரியாதது வெளிப்பட வழியே இல்லை. தப்பாகச் சொல்லி, அதை ஒருவர் அங்கேயே திருத்தும்போதுதான் படிப்பு உள்ளே இறங்குகிறது.

இன்னொரு விஷயம், கணக்கு. கல்லூரியில் எல்லாம் ஹெக்டேரில்தான். டெல்டா நெல்லுக்கு மண் பரிசோதனை செய்யாத நிலையில் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ. மாணவர் இதைச் சரியாகச் சொல்வார். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி கேட்பது, "மாவுக்கு எத்தனை கிலோ தம்பி?" ஒரு மா என்பது 33 சென்ட். தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே கொடுத்தால் மாவுக்கு ஏறத்தாழ 43 கிலோ, அதாவது ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் மணிச்சத்துக்காக மாவுக்கு 15 கிலோ டி.ஏ.பி. போட்டால் அதிலேயே தழைச்சத்து இருக்கிறது. அதைக் கழித்தால் யூரியா 38 கிலோ போதும். இந்தக் கழித்தலைச் செய்யாமல் இரண்டையும் முழுதாகப் போடுகிறவர்கள் உண்டு. போடச் சொல்லும் பட்டதாரிகளும் உண்டு. வரப்பில் நின்று, உரக்கடைக்குப் போகப் புறப்பட்டு நிற்கும் ஒருவருக்காக ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டவர், பிறகு அதை மறப்பதில்லை.

மருந்துக் கணக்கு இதைவிடச் சிக்கல். கைத்தெளிப்பானில் நெல்லுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்பது பாடம். பத்து லிட்டர் டேங்கில் 20 டேங்க். வயலில் நடப்பது எட்டு, பத்து டேங்க். லிட்டருக்கு இத்தனை மில்லி என்று மாணவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே பின்பற்றினால் வயலுக்குப் போவது பாதி மருந்துதான். பூச்சி சாகவில்லை, மருந்து சரியில்லை என்று அடுத்த வாரம் வேறொன்றை வாங்குகிறோம். அல்லது மூடிக் கணக்கில் கூட்டி ஊற்றுகிறோம். இதில் யார் மீதும் பழி சொல்லிப் பயனில்லை. அளந்து பார்த்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான். ஒரு சென்ட் இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, வெறும் தண்ணீரை வழக்கமான நடையில் தெளித்து, எவ்வளவு செலவானது என்று அளந்தால் போதும். ஒன்றே கால் லிட்டர் ஆனால் ஏக்கருக்கு 125 லிட்டர். லேபிளில் ஏக்கருக்கு என்று வரும் மருந்தின் அளவை அந்தத் தண்ணீருக்குப் பிரித்துக்கொள்ளலாம். அரை மணி நேர வேலை. மாணவருக்கும் இது தெரியும், ஆனால் பெரும்பாலோர் தேர்வுத்தாளில் மட்டும் செய்தவர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, நேரம். உங்கள் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. மாணவர்கள் பலர் பக்கத்து டவுனில் அறை எடுத்துத் தங்கி, பஸ் பிடித்துப் பத்து மணிக்கு வந்து சேர்கிறார்கள். அதற்குள் நாற்றுப் பறிப்பும் மருந்தடிப்பும் முடிந்திருக்கும். மிஞ்சியிருப்பது பேனர் கட்டும் வேலைதான். இதில் மாணவிகளைக் குறை சொல்ல முடியாது. ஊரில் பாதுகாப்பான அறையும் கழிப்பறையும் இல்லாமல் அவர்களை அங்கேயே தங்கச் சொல்வது நியாயமில்லை. அந்த ஏற்பாட்டைக் கல்லூரியும் ஊராட்சியும் சேர்ந்து செய்யாதவரை எட்டு வாரம் என்பது தாளில் மட்டும்தான் எட்டு வாரம்.

இரண்டாவது, மதிப்பெண். படங்கள் ஒட்டிய கனமான பதிவேட்டுக்கு மதிப்பெண் போடுகிறோம். நானும் அப்படிப் போட்டவன்தான், மறைக்கவில்லை. அட்டை பளபளப்பாக இருந்தால் கை தாராளமாகிவிடுகிறது. தன் வயலில் எட்டு வாரம் ஒருவரைப் பார்த்த விவசாயி அவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. நூற்றுக்கு இருபது மதிப்பெண்ணாவது அவர் கையில் இருக்க வேண்டும் என்பது இப்போது என் கருத்து.

எல்லாச் சடங்கையும் வீண் என்று சொல்லவில்லை. கோலப்பொடியில் ஊர் வரைபடம் போடுவார்களே, அது உண்மையாக நடந்தால் அருமையான பாடம். ஓர் ஊரில் மாணவிகள் வரைந்த படத்தில் வாய்க்கால் இருந்த இடத்தைப் பார்த்து இரண்டு பெரியவர்களுக்கு வாக்குவாதம் வந்துவிட்டது. பழைய வடிகால் எங்கே போனது, யார் வயலுக்குள் மறைந்தது என்பதெல்லாம் அந்தச் சண்டையில்தான் வெளியே வந்தது. அந்த ஊரில் மழைக்காலத்தில் ஏன் கீழ்க்கோடி வயல்கள் மட்டும் மூழ்குகின்றன என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை கிடைத்திருக்காது.

வேளாண்மைத் துறையில் களத்தில் பணியாற்றுவோருக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்கள் வந்தால் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவும் பட்டியல் எழுதவும் மட்டும் அவர்களைப் பயன்படுத்தாதீர்கள். ஆளுக்கு ஒரு விவசாயியைக் காட்டிவிடுங்கள். முன்னோடி விவசாயி மட்டும் வேண்டாம். அவர் எல்லாக் குழுவையும் பார்த்து அலுத்துப்போயிருப்பார். குத்தகைக்குப் பயிர் செய்கிறவரிடமும், கணவர் வெளியூர் வேலைக்குப் போனதால் தனியாகச் சாகுபடி பார்க்கும் பெண்ணிடமும் அனுப்புங்கள். கொள்முதல் காலமாக இருந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு நாள் முழுக்க நிற்கச் சொல்லுங்கள். ஈரப்பதம் 17 சதவீதம் என்ற வரம்பை ஆய்வகத்தில் அடுப்பில் காயவைத்துக் கற்றவர், மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் காத்திருப்பவரோடு நின்றும் அதைக் கற்கட்டும். நாளை அலுவலராக வரும்போது அறுவடைக்கு எப்போது நீரை நிறுத்துவது என்று அவர் சொல்லும் யோசனையில் அந்த நாள் இருக்கும்.

விவசாயிகளான உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. மாணவர் வந்தால் மோர் கொடுத்து உட்கார வைப்பதோடு நிறுத்தாதீர்கள். வேலை கொடுங்கள். மண் மாதிரி எடுக்கட்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் தவிர்த்துப் பத்து இடத்தில் அவரே மண்வெட்டி பிடிக்கட்டும். தெளிப்பானை அளந்து பார்க்கட்டும். சாகுபடிக் கணக்கை உங்களோடு உட்கார்ந்து எழுதட்டும். அதில் வீட்டு ஆட்களின் உழைப்பையும் நகைக்கடன் வட்டியையும் சேர்க்கச் சொல்லுங்கள். லாபம் என்று நினைத்திருந்த வரி என்ன ஆகிறது என்று இருவரும் பார்க்கலாம். அவர் சொல்வது தப்பு என்று பட்டால், படித்த பிள்ளை சங்கடப்படும் என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அங்கேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்வது தப்பாக இருந்தால் அவரும் சொல்லட்டும்.

இன்னொன்று. சம்பா நெல்லுக்கு 130, 135 நாள். மாணவர் இருக்கப்போவது 56 நாள். நடவுக்கு வந்தவர் அறுவடையைப் பார்க்க மாட்டார். அவர் சொன்ன யோசனை பலித்ததா என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். போகும்போது அவருடைய போன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்த அன்று கூப்பிட்டு மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்று சொல்லுங்கள். பதர் அதிகம் என்றால் அதையும் சொல்லுங்கள். ஏன் என்று அவர் தேடிப் பார்த்துத் திரும்பக் கூப்பிடட்டும்.