வீசி எறியப்பட்ட மீன்



மீனவர்களையே முதற் சீடர்களாகக் கொண்டது நம் திருச்சபை. ஆகவே வலையும் படகும் நமக்குப் புதியவை அல்ல. ஆயினும், ஏரியின்மேல் நடந்து சென்று, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பதை நம்மில் கண்டவர் மிகச் சிலரே.

அமெரிக்க நாட்டின் வடபுறத்தில், கனடாவின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது மினசோட்டா மாநிலம். அங்குள்ள 'லேக் ஆஃப் த வுட்ஸ்' என்னும் பேரேரி குளிர்காலத்தில் கட்டாந்தரைபோல் உறைந்துவிடும். நல்ல பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் கனத்திற்கு உறைந்தால் மனிதர் அதன்மேல் நடக்கலாம். மேலும் தடித்துவிட்டால் வண்டிகளே ஓடும். மேலே இவ்வாறு உறைந்தாலும் அடியில் உள்ள நீர் உறைவதில்லை. 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில்தான் நீர் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி, மேலே நின்று உறைந்து, கீழே வாழும் உயிர்களுக்குப் போர்வையாகிறது. படைத்தவரின் பரிவை எண்ணி வியக்கிறோம்!

அந்தப் போர்வையின் கீழ் வாழ்வதே 'பர்பாட்' என்னும் மீன். மீன் எண்ணெய் தரும் காட் மீனை நாம் அறிவோம். அந்த இனத்தில், வாழ்நாள் முழுவதையும் நன்னீரில் கழிப்பது இது ஒன்றே. விலாங்கைப் போன்று நீண்ட, வழவழப்பான உடல். தாடையின் கீழே ஒற்றை மீசை. பகலில் ஒதுங்கியிருந்து இருளில் இரை தேடும். மற்ற மீன்கள் பல சோர்ந்து கிடக்கும் கடுங்குளிரே இதற்கு வசந்தம். பனிக்கட்டிக்கு அடியிலேயே முட்டையிடும். பெரிய பெண்மீன் ஒன்று பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட முட்டைகளை இடும்.

ஆகவே இதனைப் பிடிக்க விரும்புவோர் இரவிலே பனிக்கட்டியைத் துளைத்து, மீன்துண்டைத் தூண்டிலில் கோத்து, ஏரியின் அடித்தரையைத் தொடுமாறு இறக்கிக் காத்திருப்பர். வெளியே எடுத்தவுடன் அது தன் வாலைப் பிடித்தவரின் கையில் சுற்றிக்கொள்ளும். அருவருப்பான தோற்றம் என்று கருதி, வேறு மீனை நாடி வந்தவர்கள் நெடுங்காலமாக இதனைப் பனியின்மேல் வீசி எறிந்துவிட்டுச் சென்றனர்.

அந்த ஏரிக்கரைப் பகுதியில், பாடெட் என்னும் சிற்றூரில், ரோவெல் என்ற மீன்பிடிக் குடும்பத்தார் வாழ்ந்தனர். விற்பனைக்கு உதவாத பர்பாட் மீன்களைத் தாங்கள் வளர்த்த நரிகளுக்கு அவர்கள் இரையாக இட்டனர். நரிகளின் உரோமம் செழித்து மின்னியது. காரணத்தை ஆராய்ந்தபோது, அம்மீனின் ஈரலில் 'ஏ', 'டி' ஆகிய வைட்டமின்கள் நிறைந்திருப்பது புலனாயிற்று. குடும்பத்தில் ஒருவர் மருந்தாளுநர். 1930-களில் அந்த ஈரல் எண்ணெய் மருந்தாக விற்பனைக்கு வந்தது. எறியப்பட்டது நோயாளிக்கு ஊட்டமாயிற்று!

ஆயினும் இக்கதையை இத்துடன் நிறுத்தினால், பயன் தருவதற்கு மட்டுமே மதிப்புண்டு என்ற தவறான பாடத்தைக் கற்றவர்களாவோம். ஆய்வுக்கூடம் அம்மீனுக்கு எந்த நன்மையையும் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைக் கண்டது, அவ்வளவே.

அதே நாட்டில், மேற்கே தொலைவில் உள்ள ஐடஹோ மாநிலத்துக் கூட்டனை பழங்குடியினர், எந்த ஆய்வுக்கும் காத்திராமல் இம்மீனைக் குளிர்கால உணவாகப் போற்றி வந்தனர். 1972-இல் கூட்டனை ஆற்றின் மேற்பகுதியில் லிபி அணை செயல்படத் தொடங்கியது. ஆற்றின் குளிர்கால ஓட்டமும் வெப்பநிலையும் மாறின; முட்டையிடக் கடுங்குளிரை நாடும் பர்பாட் அருகிப்போயிற்று. 1992-இல் ஐடஹோவில் அவ்வாற்றில் அதனைப் பிடிப்பது தடை செய்யப்பட்டது. பழங்குடியினரோ கைவிட்டுவிடவில்லை. அறிஞர்களின் துணையோடு குஞ்சு பொரிப்பகம் அமைத்து, ஆண்டுதோறும் குஞ்சுகளை ஆற்றில் விட்டனர். 2019-இல் மீண்டும் தூண்டில் இறங்கியது. ஒரு சாரார் குப்பையென எறிந்ததை, மற்றொரு சாரார் இழந்த உறவைப்போல் தேடி மீட்டனர்.

நம் இல்லங்களுக்கு வருவோம். திண்ணையோரக் கட்டிலில் கிடக்கும் பாட்டியை, தேர்வில் தவறிய மகனை, வேலையிழந்து வீடு திரும்பிய தம்பியை, திருமணமாகாத அத்தையை நாம் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்? விருந்தினர் வந்தால் உள்ளறைக்கு அனுப்பப்படுபவர் யார்? ஓய்வூதியம் வரும்வரை 'அப்பா' என்றும், அது நின்றபின் 'கிழவர்' என்றும் அழைக்கும் நாவு நம்முடையதாக இருத்தல் ஆகாது.

ஆண்டவர் இயேசு கூறிய வலை உவமையை நினைவு கூர்வோம். நல்ல மீனையும் ஆகாத மீனையும் பிரிக்கும் வேலை அங்கே வானதூதருக்குரியது. அதுவும் உலக முடிவில். நமக்கு அப்பணி ஒப்படைக்கப்படவில்லை. நமக்குரியது வலை வீசுவதும், வந்தவரை ஏற்பதுமே.

இம்மாதம் குடும்ப செபம் முடிந்தபின், நம் வீட்டில் யாரும் பேசாதிருக்கும் அந்த ஒருவரின் அருகே பத்து நிமிடம் அமர்வோம். அவர் சொல்வதைக் கேட்போம். அவரால் நமக்கு என்ன பயன் என்ற கேள்வியை மட்டும் வாயிற்படியிலேயே விட்டுச் செல்வோம்.