ஊசி குத்தினால் ஒற்றைத் தலைவலி போகுமா?

வீட்டுக்காரருக்குத் தலைவலி என்றால் உடனே டாக்டரிடம் போகச் சொல்கிறோம். நமக்கு வந்தால்? தைலத்தைத் தடவி, ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். மாதத்தில் 15 நாள், அதற்கு மேலும் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் அக்குபங்சர் என்று போர்டு வைத்திருப்பதைப் பார்க்கிறோம். "எல்லாம் ஏமாத்து வேலை" என்பார் சிலர். "ஒரே வாரத்தில் போயிரும்" என்பார் சிலர். இரண்டும் சரியில்லை என்பது என் கருத்து. காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 2016-ல், 5,000 பேர் வரை பங்கேற்ற 22 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தது. மாதம் 6 நாள் தலைவலி வருகிறவர்களுக்கு, வழக்கமான வைத்தியத்தில் அது 5 நாளானது. தடுப்பு மாத்திரையிலும், பெயருக்குக் குத்திய பொய் ஊசியிலும் 4 நாள். முறையான அக்குபங்சரில் மூன்றரை நாள். அற்புதம் ஒன்றுமில்லை. ஆனாலும் மாதத்தில் இரண்டரை நாள் வலியில்லாமல் இருப்பது லேசான விஷயமா, சகோதரிகளே?

ஆனால் யாரிடம் போகிறோம் என்பதில்தான் ஆபத்து. என் நாத்தனாரிடம் ஊசி போட்ட ஒருவர், "பிரஷர் மாத்திரையையும் இன்னியோட நிறுத்திருங்க" என்றாராம். நல்லவேளை, அவர் தன் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் மறுபடி போகவும் இல்லை. இப்படிச் சொல்கிறவர்களிடம் நாம் ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்? "என்ன படிச்சிருக்கீங்க? ஊசி புதுசா?" என்று தைரியமாகக் கேளுங்கள். ஐந்தரை வருட இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். அதைப் படித்தவர்கள் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள்.

முதலில் டாக்டரிடம் காட்டி, வந்திருப்பது ஒற்றைத் தலைவலிதானா என்று தெரிந்துகொள்ளுங்கள். திடீரென்று மண்டை பிளக்கிற மாதிரி வலி, பேச்சுக் குழறல், கை கால் இழுப்பு என்றால் ஊசியும் வேண்டாம், தைலமும் வேண்டாம். நேராகப் பெரியாஸ்பத்திரிதான்.

வலி வந்த நாளையும், போட்ட மாத்திரையையும் தினசரி காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை விரதத்தாலா, தறிச் சத்தத்தாலா, வெயிலாலா என்பதும் தெரியும். ஊசிக்குப் பலன் இருக்கிறதா என்பதும் தெரியும். "சும்மா தலைவலி, தலைவலிங்கறா" என்று சொல்கிற வீட்டு மனிதர்களிடம் அந்தத் தாள்களை எடுத்துக் காட்டலாமே!

- ஒரு வாசகி, குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.