சிதைந்த நிழற்படங்களைச் செப்பஞ் செய்தல்

வன்னிப் பெருநிலத்திலே ஒரு வீட்டிற்குச் சென்று முன்னோர் படம் ஒன்றைக் காட்டுமாறு கேட்டால், சுவரில் மாட்டிய படத்தைச் சுட்டிக் காட்டுவோர் சிலரே. பலர் பெட்டியின் அடியிலிருந்து பொலித்தீன் பை ஒன்றை எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரண்டு மூன்று தாள்களைக் காட்டுவர். 2004 மார்கழி 26 ஆம் நாள் கடல் பொங்கி முல்லைத்தீவுக் கரையை அள்ளியபோது எத்தனையோ குடும்பங்களின் அல்பங்களும் உடன் போயின. எஞ்சியவற்றுட் பெரும்பகுதியை 2008 இன் பிற்பகுதி தொட்டு 2009 வைகாசி வரை நிகழ்ந்த இடப்பெயர்வு கொண்டுபோயிற்று. பதுங்குகுழியின் ஈரத்திற்கும், செட்டிகுளத்து முகாம்களின் கூடார வெக்கைக்கும் தப்பிவந்த படம் எதுவோ, அதுவே அக்குடும்பத்தின் சுவடிக்கூடம்.

இத்தகைய படங்களைக் கணினி கொண்டு செப்பஞ் செய்யும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. ஸ்ரூடியோக்காரரும் செய்கின்றனர், கைத்தொலைபேசியில் இளைஞர் தாமே செய்துகொள்வதும் உண்டு. இது வேண்டத்தக்கதே. ஆயின், செப்பஞ் செய்தல் என்னும் ஒரு சொல்லினுள்ளே இருவேறு தொழில்கள் அடங்கிக் கிடக்கின்றன என்பதைப் பலர் உணர்ந்தாரல்லர்.

ஒன்று, துலக்குதல். மூலப்படத்தை ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் அளவிலாயினும் நுண்ணிதாக வருடியெடுத்து, அப்பிரதியின்மீது மட்டும் வேலை செய்தல் வேண்டும். பழைய வண்ணப்படங்கள் பல செம்மை பூத்துத் தோன்றுவது, அவற்றிலுள்ள மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்காமையாலாகும். முதலில் நீலம் சார்ந்த சாயம் போய்விடச் சிவப்பு மிஞ்சுகிறது. அதனைச் சமன் செய்தலும், சட்டையின்மீதோ சுவரின்மீதோ ஓடிய வெடிப்பை அயலிலுள்ள நிறங்கொண்டு மூடுதலும் தாளில் உள்ளதையே வெளிக்கொணர்வன.

மற்றையது, புனைதல். முகம் கரைந்துபோன இடத்திலே செயற்கை நுண்ணறிவு ஒரு முகத்தை வைக்கிறது. அம்முகம் எங்கிருந்து வந்தது? 2021 இல் வெளிவந்து பெரிதும் பயின்றுவரும் ஜி.எஃப்.பி.கான் என்னும் மென்பொருள், இணையத்திலிருந்து திரட்டிய 70,000 முகப்படங்களிற் பயின்றது. அவ்வெழுபதாயிரத்துள் நெடுங்கேணியாரும் மாங்குளத்தாரும் எத்தனை பேர் இருப்பர்? 2020 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய பல்சு என்னும் கருவியிடம், முன்னாள் அதிபர் ஒபாமாவின் மங்கலான படமொன்றை ஒருவர் கொடுத்தார். அது தெளிவான படமொன்றைத் தந்தது. ஆனால் அதில் இருந்தவர் ஒரு வெள்ளையர். உலகறிந்த முகத்திற்கே இக்கதியாயின், ஊரார் மட்டும் அறிந்த முகத்தின் நிலை யாது?

நம் முன்னோர் இதனை ஒத்த இக்கட்டை ஏட்டுச் சுவடிகளிலே கண்டவர்கள். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் கறையான் தின்ற ஓலைகளை வைத்துக்கொண்டு இரவு பகலாக உழைத்தனர். 1894 இல் ஐயர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுக்கள் இல்லை. வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்துள்ளன. அவற்றை இட்டு நிரப்பும் புலமை ஐயருக்கு இல்லாமலா போயிற்று? சிதைந்த இடத்திற் புள்ளியிட்டு விட்டமையாலேதான் மிகுதியை நாம் நம்பிப் படிக்கிறோம். இட்டு நிரப்பியிருப்பாராயின் இடைச்செருகல் என்று இகழ்ந்திருப்போம்.

இங்கே ஏடு அன்று, ஆள் அன்றோ பேச்சு என்பார் உளர். உண்மை. ஆள் என்பதனாலேதான் கண்டிப்பு இன்னும் வேண்டப்படுகிறது. 2017 மாசி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலின் முன்னே, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர்போராட்டம் தொடங்கினர். அவர்தம் கையில் இருந்தது ஒரு படம். வெயிலிலும் மழையிலும் அது வெளிறிற்று. ஏந்தியவருட் பலர் காத்திருந்தே கண்மூடினர். அப்படம் நினைவுப்பொருள் மட்டுமன்று, சாட்சியுமாகும். புருவத்துத் தழும்பையும் கன்னத்து மறுவையும் கறையென எண்ணித் துடைத்துவிடுவது இக்கருவிகளின் இயல்பு. தாய் அடையாளஞ் சொல்லும் அத்தழும்பு படத்தில் இல்லாதொழிந்தால், நாளை ஓர் ஆணைக்குழுவின் முன்னே அவள் சொல்லும் பொய்யாகத் தோன்றாதோ?

2011 இல் யப்பானிலே கடற்கோள் நிகழ்ந்தபின், சேற்றில் கிடந்த படங்களைத் தொண்டர்கள் பொறுக்கி, நீரிற் கழுவி, உலர்த்தி, உரியவரிடம் சேர்ப்பித்தனர். யமமோத்தோ என்னும் ஓர் ஊரில் மட்டும் 750,000 வரையான படங்கள் மீட்கப்பட்டன. முகம் முற்றாக அழிந்தவற்றுட் பல, அழிந்த கோலத்திலேயே பிறநாடுகளிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே எவரும் அவற்றுக்குப் புதுமுகம் வரைந்திலர்.

தந்தையைக் காணாது பிறந்த மகளைத் தந்தையின் அருகே நிறுத்தி ஒரு படம் ஆக்கித் தருமாறு ஸ்ரூடியோவிற் கேட்பாரும் உளர். அதனைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. ஆக்குக, பூசையறையிலும் வைக்குக. ஆயின் அஃது ஓவியம் என்று பின்புறத்தில் எழுதி, ஆக்கிய ஆண்டையும் குறிக்க. மூலப்படத்தை ஒருபோதும் ஸ்ரூடியோவில் விட்டு வருதல் ஆகாது. லமினேற் செய்தலும் வேண்டாம். ஒருமுறை ஒட்டிய உறையைப் படத்துக்கு ஊறின்றிப் பிரித்தல் அரிது.

பாடசாலைகளும் பொதுநூலகங்களும் ஒரு வருடியை வைத்து, மாதத்தில் ஒருநாள் ஊர்ப்படங்களைப் பிரதியெடுத்துக் கொடுத்தல் பெருஞ்செலவான காரியமன்று. மாணவர் செய்வர். படத்தில் இன்னார் நிற்கிறார் என்று சொல்லத்தக்க முதியோரை அன்றே அழைத்து வந்து அருகிருத்திக் கேட்டல் வேண்டும். அவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். சொல்லும் பெயர்களைப் படத்தின்மேற் பேனாவால் எழுதற்க. அமிலமற்ற தாளுறை ஒன்றில் முதலிற் பெயரையும் ஊரையும் பென்சிலால் எழுதி, பின்பு படத்தை அதனுள் இடுக.