கள்ளக்கடலுக்குக் கணக்கு

கன்னியாகுமரிக்குப் போகிற நம்மவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியங்கள் சில உண்டு. விடியற்காலையில் எழுந்து சூரியோதயம் பார்ப்பார்கள். மேகம் மறைத்துவிட்டால் சூரியனைக் கோபித்துக் கொள்வார்கள். அம்மனைத் தரிசிப்பார்கள். படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போவார்கள். வள்ளுவர் சிலையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியுடன் திரும்புவார்கள். பிறகு மேற்குப் பக்கம் ஏதாவது ஒரு மணற்கரையில் வண்டியை நிறுத்துவார்கள். குழந்தைகள், "அப்பா, கால் நனைக்க வேண்டும்!" என்று பிடிவாதம் பிடிக்கும். அப்பா வானத்தைப் பார்ப்பார். மேகம் இல்லை, காற்றும் இல்லை. "போய் வாருங்கள், ஆழத்துக்குப் போகாதீர்கள்" என்று உத்தரவு பிறக்கும்.

அந்த உத்தரவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம். வானத்தைப் பார்த்துவிட்டுக் கடலுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கலாமா? கூடாது என்பது நமது கட்சி.

2024-ஆம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி, நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த இளம் பயிற்சி மருத்துவர்கள் சிலர், கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரைக்குப் போனார்கள். அலை அவர்களை இழுத்துக் கொண்டு போயிற்று. ஐந்து பேர் உயிர் இழந்தார்கள். பிறர் உயிரைக் காப்பாற்றப் படித்த பிள்ளைகள் அவர்கள். அன்று புயல் ஒன்றும் இல்லை. ஆனால் கடல் பொங்கப் போகிறது என்ற எச்சரிக்கை அதற்குச் சில தினங்கள் முன்னதாகவே ஹைதராபாத்திலிருந்து வெளியாகியிருந்தது. இதுதான் நம் மனத்தை உறுத்துகிற விஷயம்.

இப்படிக் காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரென்று கரையேறி வருகிற கடலுக்கு, கேரளத்துக் கரையிலும் குமரிக் கரையிலும் மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கள்ளக்கடல்'. எவ்வளவு பொருத்தமான பெயர்! கள்ளன் தாரை தப்பட்டையுடனா வருகிறான்? உலகத்து விஞ்ஞானிகள் இதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் நம் மீனவர்களின் சொல்லையே எடுத்துக் கொண்டார்கள். 2012-இல் யுனெஸ்கோ ஸ்தாபனமும் இந்தச் சொல்லை அங்கீகரித்தது. கட்டுமரத்தில் பிறந்த ஒரு வார்த்தை உலக சாஸ்திர சபையில் ஆசனம் பெற்றது நமக்கெல்லாம் பெருமைதான்.

சரி, இந்தக் கள்ளன் எங்கிருந்து வருகிறான்? நமக்குத் தெற்கே, பூமத்திய ரேகையையும் தாண்டி, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தென் இந்துமகா சமுத்திரத்தில் பெரும் புயல்கள் சுழன்றடிக்கின்றன. அங்கே எழும் அலைகளில் குட்டையானவை வழியிலேயே அடங்கிப் போகின்றன. நீண்ட அலைகள் மட்டும் தளராமல் வடக்கே நடந்து வருகின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே பதினெட்டு விநாடி செல்லும் அலையை எடுத்துக் கொள்வோம். ஆழ்கடலில் அதன் நீளம் சுமார் 500 மீட்டர். அத்தகைய அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வீதம், ஒரு நாளில் ஆயிரத்திருநூறு கிலோமீட்டர் கடந்துவிடும். அதாவது, தெற்கே ஞாயிற்றுக்கிழமை அடித்த புயல், வியாழக்கிழமை வாக்கில் முட்டத்துக் கரையின் கதவைத் தட்டும்.

நடுக்கடலில் இந்த அலை படகைத் தாலாட்டுவதுபோல் மெள்ளத் தூக்கி இறக்குமே தவிர, வேறொன்றும் செய்யாது. கரையோரத்தில் ஆழம் குறையக் குறைய அதன் ஓட்டம் தடைப்படுகிறது, நீளம் சுருங்குகிறது, உயரம் வளர்கிறது. வேலியேற்ற நேரமும் சேர்ந்துவிட்டால் வீட்டு வாசல்வரை தண்ணீர் வருகிறது. திரும்பும்போதுதான் அதன் சுயரூபம் தெரிகிறது. காலடி மணலையும் சேர்த்து அல்லவா வாரிக் கொண்டு போகிறது!

காற்றையும் மேகத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கடலின் மனத்தை அறிகிறவர்கள் மீனவர்கள். ஆனால் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பதை எந்தக் கண்ணால்தான் பார்க்க முடியும்? இங்கேதான் கணிதம் கைகொடுக்கிறது.

"கடல் அலைக்குக் கூடவா கணக்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். நாஞ்சில் நாட்டு வயற்காட்டை நினைத்துக் கொள்ளுங்கள். வரப்புக் கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மடை வழியாகத் தண்ணீர் விடுகிறார்கள் அல்லவா? கணிப்பொறியும் சமுத்திரத்தை அப்படியே பல்லாயிரம் கட்டங்களாகப் பிரித்துக் கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு. காற்று கொடுக்கும் சக்தி வரவு. அலை உடைந்து நுரையாகிப் போவது செலவு. குட்டை அலைகளும் நெட்டை அலைகளும் தங்களுக்குள் செய்து கொள்ளும் கொடுக்கல் வாங்கல் தனி. மீதியை எந்தத் திசையில், எந்த வேகத்தில் பக்கத்துக் கட்டத்துக்குத் திறந்துவிடுவது என்று பார்த்து, அடுத்த சில நிமிஷத்துக்கு மீண்டும் கணக்குப் போட வேண்டும். நாலு நாள் முன்னோக்கிப் போவதற்குள் எத்தனை கோடிப் பெருக்கல்! சித்திரகுப்தனே கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிடுவான்.

இந்தச் சாஸ்திரம் யுத்த காலத்தில் பிறந்தது. 1944 ஜூனில் நேசநாட்டுச் சேனைகள் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு, அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று முன்கூட்டித் தெரிய வேண்டியிருந்தது. ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்னும் இருவர் அதற்கு வழி வகுத்தார்கள். பிற்காலத்தில் அதே மங்க், மெக்ஸிகோவுக்கு மேற்கேயுள்ள ஒரு தீவில் கருவி வைத்து, அங்கே வந்து சேர்ந்த மெல்லிய அலைகள் நமது இந்துமகா சமுத்திரத்தில் பிறந்தவை என்று கண்டுபிடித்தார். அலைகளுக்குள் நடக்கும் அந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணக்கில் அடக்கியவர் ஜெர்மானியரான கிளாவுஸ் ஹாஸல்மன். தட்பவெப்ப ஆராய்ச்சிக்காக 2021-இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. பாரத தேசத்துக் கரைகளுக்கு இந்தக் கணக்கைப் போடுவது, 1999-இல் ஹைதராபாத்தில் ஏற்பட்ட 'இன்காய்ஸ்' என்னும் பெருங்கடல் தகவல் மையம். கடலில் மிதவைகளை விட்டு, கணக்கு மெய்தானா என்று சரிபார்த்தும் கொள்கிறார்கள்.

கணக்கைப் படிக்கத் தெரியாவிட்டால் மட்டும் பயன் இல்லை. 'அலை உயரம் ஒன்றரை மீட்டர்' என்று அறிவிப்பு வந்தால், "நெஞ்சளவுதானே!" என்று நகரவாசி அலட்சியமாகச் சொல்கிறார். அந்த எண் உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வரை எழலாம். விநாடிக் கணக்கு நீளமாக இருந்தால், அதே உயரத்து அலை இன்னும் அதிக பலத்துடன் கரையைத் தாக்கும். அன்றியும், கரையருகே கடைசி நூறு கஜத்தில் மணல்திட்டும் பாறையும் தூண்டில் வளைவும் அலையை எப்படித் திருப்பும் என்பது தெருவுக்குத் தெரு மாறுகிற விஷயம். அதை ஹைதராபாத்துக் கணக்கு முழுவதும் சொல்லிவிடாது. அங்கே உள்ளூர் மீனவரின் அநுபவந்தான் சாஸ்திரம்.

கணக்கு சரியாக இருந்தால் போதுமா? 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைவாகப் பலம் பெற்றபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் முன்பே புறப்பட்டு வெகு தூரம் போயிருந்தார்கள். கரையில் முழங்கிய எச்சரிக்கை அவர்கள் காதில் எப்படி விழும்? பலர் திரும்பவே இல்லை. அதன் பிறகு, 2019-இல், செயற்கைக்கோள் மூலம் ஆழ்கடலில் எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. அதில் செய்தி கேட்கலாம். "ஆபத்து" என்று கரைக்குத் திருப்பிச் சொல்ல முடியாது. பாதி வழி வந்திருக்கிறோம் என்றுதான் கொள்ள வேண்டும்.

ஒக்கியின்போது கடலில் இருந்தவனுக்குச் செய்தி எட்டவில்லை. லெமூர்க் கரையிலோ, செய்தி நாட்டில் இருந்தும் கரையில் நின்றவர்களைத் தடுக்கவில்லை. தென் சமுத்திரத்துப் புயலிலிருந்து குமரிக் கரை வரையில் அலையைத் தொடர்ந்து வருகிற கணக்கு, கரையிலிருந்து நம் வீட்டுத் திண்ணைக்கு வருவதற்குள் களைத்துப் போய்விடுகிறது. அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மடை திறப்பது கணிப்பொறியின் வேலை அல்ல. சர்க்கார் கரையில் கொடி நாட்டி, ஆள் நிறுத்தி, வந்தவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். நாமும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஆகையால், சித்திரை வைகாசியில் கல்யாணத்துக்கோ சுற்றுலாவுக்கோ தெற்கே போகிற குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. ரயில் நேரம் விசாரிக்கிறீர்கள். முகூர்த்த நேரம் விசாரிக்கிறீர்கள். அன்றைய கடல் எச்சரிக்கையையும் விசாரியுங்கள். கரைக்குப் போனதும் வானத்தைப் பார்க்க வேண்டாம்; மீனவர்களின் வள்ளங்களைப் பாருங்கள். வெயில் தெளிவாக அடிக்கிற நாளில் அவற்றை மணல்மேட்டுக்கு மேலே இழுத்து வைத்திருந்தால், குழந்தையின் கையை விடாமல் திரும்பி வந்துவிடுங்கள். குழந்தை அழும், அழட்டும். வீட்டுக்கு வந்து அழுகிற குழந்தையைச் சமாதானம் செய்துவிடலாம்.