பெட்டி வீடாகுமா?

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பார்கள். கிள்ளான் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் என் அப்பாவோ, “கட்டுவானேன்? கொள்கலனை வாங்கி இறக்கினால் வீடு” என்கிறார். பந்திங்கில் பாட்டி பெயரில் உள்ள நிலத்திற்காகப் பழைய பெட்டி ஒன்றைப் பார்த்து, முன்பணம் கட்ட நாளும் குறித்துவிட்டார். “நீதான் யுனிவர்சிட்டியில் படிக்கிறாயே, என்னென்ன வேண்டும் என்று பார்த்துச் சொல்” என்றார்.

பார்த்தேன். பெட்டிதான் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் என்பது என் முடிவு.

முதலில் உயரம். 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைச் சட்டங்கள், படுக்கையறைக்குக் குறைந்தது 2.5 மீட்டர் உயரம் கேட்கின்றன. சாதாரணக் கொள்கலனின் உட்புற உயரமோ சுமார் 2.39 மீட்டர்தான். ‘ஹை கியூப்’ எனும் உயரமான வகையில் சுமார் 2.69 மீட்டர் உண்டு. நம் வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் வெப்பத்தடுப்பு இல்லாமல் வாழ முடியுமா? அதன் கனமும் இந்த உயரத்திலிருந்தே கழியும்.

அடுத்து வலிமை. கப்பலில் பெட்டிமேல் பெட்டி அடுக்கும்போது சுமையைத் தாங்குபவை நான்கு மூலைத் தூண்கள். ஆனால் நெளிசுவரும் வலுச் சேர்க்கிறது. சன்னலுக்காக வெட்டினால் அங்கே இரும்புச் சட்டம் பற்றவைத்தாக வேண்டும். தரைப்பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருக்கலாம். கதவுத் தகட்டைப் படிக்காமல் வாங்கக்கூடாது.

எல்லாவற்றிற்கும் மேலாக அனுமதி. “சிமெண்டு இல்லை, அனுமதி எதற்கு?” என்கின்றனர் அக்கம்பக்கத்தார். மனிதர் குடியிருந்தால் அது வீடுதான். நிலத்தின் கிராண்டில் ‘விவசாயம்’ என்றிருந்தால் நில அலுவலகத்தில் கேட்க வேண்டும்; வரைபடத்திற்கு நகராண்மைக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும்.

இதைச் சொன்னபோது, “படித்தவர்கள் எதற்கும் தடைதான் சொல்வீர்கள்” என்று அப்பா சலித்துக்கொண்டார். பாட்டிதான் எனக்காகப் பேசினார். நாற்பது ஆண்டுகள் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர் அவர். தகரக் கூரையின் சூட்டை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறியபோது, வெளியேறச் சொல்லி வந்தது ஒரே ஒரு கடிதம். இழப்பீட்டுடன் தம் நகைகளையும் விற்றுத்தான் இந்த நிலத்தை வாங்கினார்.

“இன்னொரு கடிதம் வராத வீடாகக் கட்டுங்கப்பா” என்றார்.

நண்பர்களே, கொள்கலன் வீடு கூடாது என்பதல்ல என் வாதம். மலிவாய்க் கிடைக்கிறதே என்று பெட்டியை முதலில் வாங்காதீர்கள். நிலம், வரைபடம், அனுமதி, அப்புறம் பெட்டி, இதுவே வரிசை. லயத்திலிருந்து வெளியேறிய நாம், இன்னொரு லயத்தைக் கடன் வாங்கிக் கட்டிக்கொள்ளலாமா?

அப்பா முன்பணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார். கிராண்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது.