பட்டியின் குற்றத்தை பைபரின் தலையில் கட்டாதீர்கள்

பைபர் பாடி காரில் விரிசல் விழுந்தால் அந்தப் பேனலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவதுதான் ஒரே வழி என்று மோட்டார் பத்தி எழுதும் ஒருவர் தீர்ப்பு வழங்கியிருக்கிறார். பைபர் ஒருமுறை பிளந்தால் அதன் பலம் திரும்பாதாம். ஒட்டுப் போட்ட இடம் சில மாதங்களில் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுமாம். இன்சூரன்ஸ் இருக்கும்போது பட்டறை வாசலில் போய் நிற்பது அறியாமையாம். பழைய கார்களைப் பிள்ளைபோல் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் படிக்கும் பத்தி அது. அதனால்தான் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

ஒட்டிய இடத்தில் விரிசல் திரும்ப வந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதை நானும் மறுக்கவில்லை, அப்படிப்பட்ட வண்டிகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வண்டிகளில் என்ன வேலை நடந்தது என்று அவர் கேட்டாரா? தகரத்தில் டிங்கரிங் செய்தே பழகிய பட்டறையில் பைபர் விரிசலை என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், பிளவுக்குள் பட்டியை அப்புவார்கள், வழவழப்பாக்கிப் பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். பட்டியில் இழை கிடையாது, அதற்கு இழுவிசையைத் தாங்கும் சக்தியும் கிடையாது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பேனல் வளைகிறது, பட்டி வளைய மறுத்துப் பிளக்கிறது. அங்கே தோற்றது பட்டி. செய்யப்படாத ரிப்பேரைக் காட்டி ரிப்பேரே கூடாது என்று வாதாடுவது என்ன நியாயம்?

செய்ய வேண்டிய வேலை இது. ஹெட்லைட் வட்டத்தின் ஓரத்திலிருந்து ஃபெண்டரில் ஒரு விரிசல் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெயிண்டைத் தேய்த்தே எடுக்க வேண்டும். தகரத்துக்கு ஊற்றும் பெயிண்ட் ரிமூவரை இங்கே ஊற்றினால் அது ரெசினையே அரித்துவிடும். பிறகு ஒரு நாணயத்தால் விரிசலைச் சுற்றித் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியும் கோட்டைவிடச் சேதம் அகலமானது என்பதை அந்தச் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். விரிசல் முடியும் புள்ளியில் சின்னத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். அடுத்து, பின்பக்கத்திலிருந்து கிரைண்டரால் சரிவாக இழைக்க வேண்டும். பேனலின் கனத்தைப் போலக் குறைந்தது 12 மடங்கு தூரத்துக்குச் சரிவு வேண்டும். 3 மில்லிமீட்டர் கனமுள்ள பேனல் என்றால் விரிசலின் இரு பக்கமும் 36 மில்லிமீட்டர். அசிட்டோன் போட்டுத் துடைத்த பிறகு மேட் எனப்படும் கண்ணாடியிழை விரிப்பை ஒவ்வொரு அடுக்காக வைத்து ரெசினில் ஊறவிட்டு, காற்றுக் குமிழ் ஒன்றுகூட நிற்காமல் உருளையால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். பின்பக்கம் இறுகியதும் முன்பக்கத்திலும் இதே வேலை. பட்டி வருவது கடைசியில், அதுவும் மெல்லிசாக, மட்டம் பார்க்க மட்டும்.

அந்தச் சரிவில்தான் பலம் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் விளிம்பை விளிம்போடு ஒட்டினால் பிடிமானம் அந்த 3 மில்லிமீட்டருக்குத்தான். சரிவாக இழைத்து ஒட்டினால் பிடிக்கும் பரப்பு பன்னிரண்டு மடங்குக்கும் மேலாகிறது. விசை ஒரே கோட்டில் குவியாமல் அந்த அகலம் முழுவதும் பரவிக் கடக்கிறது. பலம் திரும்பாது என்று எழுதியவர் இந்தச் சரிவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரின் அளவைப் பற்றியும் எழுதவில்லை. ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் என்பது வழக்கம். சென்னை வெயிலில் கை தாராளமானால் டப்பாவிலேயே இறுகிவிடும், சூடேறிச் சுருங்கும், பிறகு தானே பிளக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் சரியாகப் பிடிக்காது. வேலை கெட்டுப்போகும் வழிகள் இவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும், ஒவ்வொன்றையும் தவிர்க்கவும் முடியும்.

ஒட்டுப் போட்ட பைபரை நம்பவே முடியாது என்றால் நம் கடற்கரையில் ஒரு பைபர் படகும் கடலுக்குப் போக முடியாது. காசிமேட்டில் மணலில் கவிழ்த்துப்போட்ட படகின் அடிப்பாகத்தில் மேட்டும் ரெசினும் வைத்துத்தான் ரிப்பேர் நடக்கிறது. அந்த ஒட்டு அலையில் மோதி மோதி எழுகிறது, அதன்மேல் ஆள் உயிர் இருக்கிறது. வானத்தைக் கேட்டாலும் பதில் உண்டு. 2013 ஜூலையில் லண்டன் ஹீத்ரோவில் நின்றுகொண்டிருந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் போயிங் 787 விமானத்தில் தீப்பிடித்து, கார்பன் பைபரால் ஆன உடற்பகுதியின் மேற்புறம் கருகியது. பழுதுபார்த்து அதே ஆண்டு டிசம்பரில் அதை மறுபடி பறக்கவிட்டார்கள். பயணிகள் விமானத்துக்குச் செல்லுபடியாகும் காரியம் கார் ஃபெண்டருக்கு ஆகாதா?

புதிய பேனல் என்று அவர் பூசிக்கும் பொருளையும் பார்ப்போம். அவரே உதாரணம் காட்டும் செவ்ரோலெட் கார்வெட் 1953இல் வந்தபோது அந்த ஆண்டின் 300 வண்டிகளின் பாடியும் பைபர்தான். பேனலோடு பேனலைப் பசையால் ஒட்டித்தான் அந்த பாடி உருவானது. அதில் ஃபெண்டரை மாற்றுவது என்றால் பழைய ஒட்டை அறுத்து எடுத்துப் புதியதை ஒட்டுவது. ஒட்டை நம்பாதவர் சொல்லும் மாற்று வழியே ஒட்டில்தான் நிற்கிறது. பிற்காலக் கார்வெட்டுகளில் வந்த எஸ்எம்சி பேனல் அச்சில் அழுத்திச் செய்வது. அச்சில் ஒட்டாமல் இருக்க அதற்குள்ளேயே ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். அதன்மேல் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் நிற்காது, உரிந்து வந்துவிடும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸியோ யூரித்தேன் பசையோதான் வேண்டும். வாசகருக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய எச்சரிக்கை இது ஒன்றுதான். பத்தியில் இதைக் காணோம்.

நம்மூர்க் கதைக்கு வருவோம். பெங்களூரு சிபானி நிறுவனம் 1982இல் கொண்டுவந்த டால்பின், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை அடியொற்றிய வண்டி. 848 சிசி அலுமினிய எஞ்சின், பைபர் பாடி. ராலிகளிலும் பந்தயங்களிலும் பெயர் வாங்கியது. இன்று அதற்குக் கம்பெனி பேனல் எந்தக் கடையில் கிடைக்கும்? இன்னொரு டால்பினின் மேல் அச்செடுத்து, ஒரு பட்டறையில் மேட்டும் ரெசினும் வைத்துக் கையால் செய்துதான் ஆக வேண்டும். ரிப்பேருக்கு உதவாது என்று அவர் ஒதுக்கிய அதே மேட், அதே ரெசின், அநேகமாக அதே கைகள். முழுப் பேனலைச் செய்யும் கைக்கு ஒரு விரிசலை மூடத் தெரியாது என்பதை யார் ஏற்பார்கள்?

இன்சூரன்ஸ் விஷயத்தில் அவர் எழுதியது வாசகரின் பையில் கை வைக்கும் பேச்சு. சாதாரண பாலிசியில் பாகத்தை மாற்றினால் தேய்மானம் பிடிப்பார்கள். பைபர் கிளாஸ் பாகத்துக்கு 30 சதவீதம், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம், வண்டி புதிதாக இருந்தாலும் இதே கணக்குதான். தேய்மானம் பிடிக்காத பாலிசி எடுத்திருந்தால் அது வேறு. எப்படியானாலும் கட்டாயப் பிடித்தம் உண்டு. கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குச் சேர்ந்து 50 சதவீதம் வரை போகும் போனஸும் போய்விடும். ஒரு சாண் விரிசலுக்காக இதையெல்லாம் இழக்கச் சொல்வதற்கு முன் ஒரு பாலிசியைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

இதையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்துவது, விரிசல் ஏன் வந்தது என்ற கேள்வியே அந்தப் பத்தியில் இல்லாததுதான். இடிபடாமல் விழும் விரிசல் பெரும்பாலும் போல்ட் துளையிலிருந்தோ கூர்மையான மூலையிலிருந்தோ கிளம்பும். அகலமான வாஷர் இல்லாமல் இறுக்கியிருப்பார்கள், அல்லது பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள ரப்பர் செத்துப்போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை புதுப் பேனல் போட்டாலும் அதே இடத்தில் அதே கோடு விழும். சில நேரம் பெயிண்டிலும் மேல்பூச்சிலும் மட்டும் முடிக்கோடு ஓடி, உள்ளே இழை முழுசாக இருக்கும். அதற்கும் பேனலை மாற்றச் சொல்வாரா?

மாற்றியே தீர வேண்டிய இடங்களும் உண்டு. பிஎம்டபிள்யூ ஐ3 காரின் வெளிப் பேனல்கள் தெர்மோபிளாஸ்டிக், அவற்றைக் கழற்றி மாட்டுவதே சுலபம். 1957இல் வந்த லோட்டஸ் எலீட்டில் தனிச் சேஸிஸ் கிடையாது, பைபர் பாடியே பாரம் சுமக்கிறது. அங்கே சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் விரிசல் என்றால் அந்த வண்டியை முழுதாக அறிந்தவர்தான் தொட வேண்டும். பாலிப்ரோப்பிலீன் பம்பரில் மேட்டும் ரெசினும் ஒட்டவே ஒட்டாது, அதைச் சூடுகாட்டி பிளாஸ்டிக் வெல்டிங்தான் செய்ய வேண்டும். அரைக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு, முகமூடி இல்லாமல் யாரும் கிரைண்டரை எடுக்கக் கூடாது. இத்தனை வித்தியாசங்களையும் ஒரே மூட்டையில் கட்டி, எல்லாவற்றுக்கும் ‘மாற்று’ என்று ஒரே மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார் அவர்.

அந்தப் பத்தியை நம்பும் டால்பின்காரர், கிடைக்காத பேனலைத் தேடி அலைந்து ஓய்ந்து, கடைசியில் வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடுவார். அவர் எஞ்சினையும் சேஸிஸையும் எடுத்துக்கொண்டு, உருக்கவும் முடியாத பைபர் பாடியைக் குப்பைமேட்டில் வீசுவார். அது நடப்பதற்குள் பத்தி எழுதியவர் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற வேண்டும். எந்தக் கார், எந்தப் பேனல், என்ன பொருள், விரிசல் எங்கே தொடங்கியது என்று கேட்டுவிட்டு மறுபடி எழுதட்டும்.