திடலைப் பறித்துவிட்டு ஆர்வத்தைத் தேடுகிறோம்!



அண்மையில் ஒரு பள்ளிக் கூட்டத்தில் கலந்துகொண்டேன். எந்தப் பள்ளி என்பது இங்குத் தேவையில்லை. பள்ளியின் பின்புறம் உள்ள சிறு திடலில் பாதியை வாகன நிறுத்துமிடமாக மாற்றலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். அப்படியாயின் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்று கேட்டேன். அவர் அளித்த மறுமொழியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

"ஐயா, நம் பிள்ளைகளுக்கு இப்போது காற்பந்தில் ஆர்வமே இல்லை. அமெரிக்காவைப் பாருங்கள், அங்கும் காற்பந்தை எவரும் பெரிதாக மதிப்பதில்லை. அவர்கள் முன்னேறாமலா போய்விட்டார்கள்?"

சிலர் சிரித்தனர், சிலர் தலையாட்டினர். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. அமெரிக்காவைச் சாட்சிக்கு அழைத்தவர் அந்தச் சாட்சியை முழுமையாக விசாரித்தாரா என்னும் கேள்வி மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது. ஆகவே நாமே விசாரித்துவிடுவோம்.

அமெரிக்க ரசிகர்களிடையே காற்பந்து இன்றளவும் அவர்களுடைய சொந்த 'ஃபுட்பால்', கூடைப்பந்து ஆகியவற்றுக்குப் பின்னால்தான் நிற்கிறது. இதனை மறுப்பதற்கில்லை. ஏன் என்று கேட்டால், கோல்கள் குறைவு, ஆட்டம் சமநிலையில் முடிகிறது, விறுவிறுப்பு இல்லை என்று பலவாறு சொல்வார்கள். இவை அனைத்தையும் சுருக்கினால், "அது அவர்களின் இயல்பு" என்னும் ஒற்றை விடைதான் மிஞ்சும். நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்படுவதும் இதே விடைதான்!

இயல்புதான் காரணம் என்றால், 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி அமெரிக்காவில் நடந்தபோது 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரங்குகளுக்கு வந்தது எப்படி? அன்று நடந்தவை 52 ஆட்டங்களே. அதன்பின் 1998 முதல் 2022 வரை 64 ஆட்டங்களுடன் நடந்த எந்த உலகக் கிண்ணமும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. 1999ஆம் ஆண்டு மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைக் கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் அரங்கில் 90,000க்கும் மேற்பட்டோர் நேரில் கண்டனர். காற்பந்தே ஒவ்வாத மக்கள் இப்படித் திரள்வார்களா?

உண்மைக் காரணத்தை அறிய வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும். 1870களில் அமெரிக்கக் கல்லூரிகளில் பந்தாட்டம் எவ்வகையில் அமையும் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் ஆடியபின், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி வகை ஆட்டத்தின் பக்கம் சாய்ந்தது. 1876இல் மற்ற முன்னணிக் கல்லூரிகளும் அவ்விதிகளைத் தழுவின. இன்று அவர்கள் 'ஃபுட்பால்' என்று அழைக்கும் ஆட்டம் அங்கிருந்துதான் வளர்ந்தது. இலையுதிர்காலத் திடலை அது எடுத்துக்கொண்டது. கோடைக்காலத் திடலைப் பேஸ்பால் முன்னரே பிடித்திருந்தது. குளிர்கால உள்ளரங்குகளைப் பின்னர் கூடைப்பந்து பெற்றது. காற்பந்துக்கு இடமும் இல்லை, பருவமும் இல்லை. ஒரு நாட்டின் விளையாட்டுச் சுவையைத் தீர்மானித்தது மக்களின் குருதியன்று, கல்விக்கூடங்களின் திடல்தான்! ஆசிரியத் தோழர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

இருந்தும் காற்பந்து அங்கு அடியோடு மாண்டுவிடவில்லை. 1920களில் அவர்களிடம் வலுவான ஒரு லீக் இருந்தது. 1930இல் முதல் உலகக் கிண்ணத்தில் அமெரிக்கா அரையிறுதி வரை சென்றது. ஆனால் 1928இல் லீக்குக்கும் தேசியச் சங்கத்துக்கும் மூண்ட அதிகாரச் சண்டையும், அதனை அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்து அந்த லீக்கைச் சாய்த்தன. அடுத்து வந்த தொலைக்காட்சிக் காலமும் கைகொடுக்கவில்லை. 45 நிமிடங்கள் இடைவிடாது ஓடும் ஆட்டத்தில் விளம்பரத்தை எங்கே நுழைப்பது?

பிறகு பணத்தைக் கொண்டு ரசிகர்களைச் சேர்க்க முயன்றனர். 1975இல் பெலேயை நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு அழைத்து வந்தனர். 1977இல் ஜெர்மனியின் பெக்கன்பவரும் வந்தார். அரங்குகள் நிரம்பின, நாளேடுகள் புகழ்ந்தன. ஆயினும் அந்த லீக் 1984ஆம் ஆண்டுப் பருவத்துடன் முடிந்துபோயிற்று. வெளியிலிருந்து கொண்டுவந்த பூவைச் செடியில் கட்டிவைத்தால் அது எத்தனை நாள் வாடாமல் இருக்கும்?

இப்போது ஒரு செய்தியைச் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவைச் சந்தித்தது. முடிவு என்ன தெரியுமா? மலேசியா 3, அமெரிக்கா 0! ஆம், நாம் வென்றோம். எம். சந்திரன் போன்றோர் ஆடிய அணி அது.

அதே 1972இல், கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சமவாய்ப்பு அளிக்க வேண்டுமென அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதன் விளைவாகக் கல்லூரிகள் மாணவியருக்கென அணிகள் அமைத்தன. அதற்கு முன்பே, 1964இல், கலிபோர்னியாவில் சிறுவர் காற்பந்து அமைப்பு ஒன்று தோன்றியிருந்தது. 'எல்லாரும் ஆட வேண்டும்' என்பது அதன் கொள்கை. திறமையுள்ளவன் மட்டும் ஆடி மற்றவன் வேலியோரம் நிற்பதை அது ஏற்கவில்லை. ரசிகர்கள் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இவர்கள் காத்திருக்கவில்லை. திடலையும் பந்தையும் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள்.

விளைவு? 1991, 1999, 2015, 2019 ஆகிய நான்கு ஆண்டுகளில் அமெரிக்க மகளிர் உலகக் கிண்ணத்தை வென்றனர். ஆடவர் அணி 2002இல் காலிறுதி வரை சென்றது. 1996இல் 10 அணிகளுடன் தொடங்கிய அவர்களின் இன்றைய லீக்கில் 2025இல் 30 அணிகள் இருந்தன. நாமோ இதுவரை ஒருமுறைகூட உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறவில்லை. "ஆர்வமில்லாத" நாடு ஏறியது. மாமாக் கடைதோறும் இங்கிலாந்து லீக் ஓடும் "ஆர்வமுள்ள" நாடு இறங்கியது!

அமெரிக்காவில் எல்லாம் நிறைவு என்று நான் சொல்லவில்லை. அங்கு நல்ல பயிற்சிக்குப் பெற்றோர் பெரும்பணம் செலுத்த வேண்டியுள்ளது. வசதியுள்ள புறநகர்ப் பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்பு, ஏழைக் குடியேறியின் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. தெருவில் பிறக்காமல் கட்டணத்தில் வளர்ந்த ஆட்டம் மக்களின் நெஞ்சில் வேர்விடத் தாமதமாகிறது. காற்பந்து அங்கு இன்னும் முதலிடம் பெறாததற்கு இதனையும் ஒரு காரணமாகவே நான் கருதுகிறேன். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஃபுட்சால் கூடங்களும் மாதக் கட்டணப் பயிற்சிக் கழகங்களும் பெருகிவரும் நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இது நல்ல எச்சரிக்கை.

சரி, நம் கதைக்கு வருவோம்.

நம்மவர்க்குக் காற்பந்து எங்கிருந்து வந்தது? தோட்டத்துத் திடலிலிருந்து வந்தது. லயன் வீடுகளின் அருகே ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு திடல். மாலை வேலை முடிந்தவரும் பள்ளி விட்ட பிள்ளையும் ஒரே பந்தை உதைத்த காலம் அது. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல்காவலர் ஆர். ஆறுமுகம், 1980இல் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தார். புறக்கணிப்பின் காரணமாக அவ்வணி மாஸ்கோ செல்லவில்லை என்பது தனிச் சோகம். கே. ராஜகோபால் ஆட்டக்காரராகப் பெயர் பெற்றுப் பின்னர்ப் பயிற்றுநரானார். 2009 சீ விளையாட்டில் தங்கத்தையும், 2010இல் சுசுகி கிண்ணத்தையும் மலேசியாவுக்குப் பெற்றுத் தந்தவர் அவரே. அந்த 2010 அணியில் எஸ். குணாளன் ஓடிய ஓட்டத்தை யார் மறப்பார்? இவர்களுக்கெல்லாம் மட்டும் தனி 'இயல்பு' இருந்ததா?

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். திடல் மட்டும் உடன் வரவில்லை. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக எழுந்த புக்கிட் ஜாலில் தேசிய அரங்கைப் பாருங்கள். 80,000க்கும் மேற்பட்டோர் அமரும் அந்த அரங்கம் எழுந்த வட்டாரம் முன்பு ஒரு ரப்பர் தோட்டம். அங்கே எஞ்சிய தொழிலாளர் குடும்பங்கள் குடியிருப்பு நிலத்துக்காகப் பல்லாண்டுகள் போராடின. நாட்டின் மாபெரும் காற்பந்து அரங்கம் நம் முன்னோர் வியர்வை சிந்திய மண்ணில் நிற்கிறது. அம்முன்னோரின் பேரப்பிள்ளைகளுக்கோ உதைக்க ஒரு துண்டுத் திடல் இல்லை!

அதே நேரத்தில் நாடு என்ன செய்தது? வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்கு மலேசியப் பாட்டன் பாட்டி உண்டு என்று ஆவணம் காட்டித் தேசிய அணியில் சேர்த்தது. அந்த ஆவணங்கள் போலியானவை என்று கூறி, 2025 செப்டம்பரில் ஃபிஃபா எழுவருக்கும் 12 மாதத் தடை விதித்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் தண்டமும் விதித்தது. உண்மையிலேயே இம்மண்ணில் பிறந்த பாட்டன் பாட்டியரைக் கொண்ட பிள்ளைகள் செராஸ் அடுக்குமாடிகளின் நடைபாதைகளில் காலிப் போத்தலை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தேட விமானம் ஏற வேண்டியதில்லையே!

அரசையும் சங்கத்தையும் மட்டும் சாடிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக் காலத்தில் எத்தனையோ உடற்கல்விப் பாடவேளைகளைப் பயிற்சித் தாளுக்காக நான் பறித்திருக்கிறேன். மாணவர்கள் சன்னல் வழியே திடலைப் பார்ப்பார்கள். நான் கரும்பலகையைப் பார்க்கச் சொல்வேன். அவர்களின் நன்மைக்கே என்று நம்பினேன். 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, திடலுக்கு நேரம் மட்டும் திரும்பி வரவில்லை. பள்ளி முடிந்ததும் டியூசன், டியூசன் முடிந்ததும் கைப்பேசி. இப்படி வளர்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஆர்வமில்லை" என்று பிள்ளையின் தலையிலேயே பழியைப் போடுகிறோம்.

"பந்து சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. எல்லாரும் ராஜகோபால் ஆகப்போவதில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாக வளர்ந்து, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறிய குழு, 2022 பருவத்துக்குப் பின் லீக்கிலிருந்து விலகிவிட்டது. தொழில்முறைக் காற்பந்தின் நிலை அத்தகையதுதான். ஆயினும் பாடல் கற்பிக்கிறோமே, எல்லாரும் பாடகராகவா? திருக்குறள் மனனம் செய்விக்கிறோமே, எல்லாரும் புலவராகவா? தாமான் மூலைகளில் நிற்கும் கும்பல்கள் நம் பையன்களிடம் "ஆர்வமுண்டா?" என்று கேட்பதில்லை. நிற்க ஓர் இடமும், சேர்ந்திருக்க ஒரு கூட்டமும் தருகின்றன. பள்ளி தரவேண்டியதைத் தெரு தருகிறது. இதற்குமேல் நான் விளக்க வேண்டுமா?

செராஸ், பண்டார் துன் ரசாக்கில் கோலாலம்பூர் காற்பந்து அரங்கம் உள்ளது. அதனைத் தன் அரங்கமாகக் கொண்ட கோலாலம்பூர் சிட்டி அணி, 2021இல் ஜொகூர் டாருல் தக்சிமை 2-0 என வென்று, 32 ஆண்டுகளுக்குப் பின் மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. என் வகுப்பில் கேட்டேன்: "அந்த அரங்கிற்குள் சென்றவர் எத்தனை பேர்?" இரண்டு கைகள் உயர்ந்தன. "மான்செஸ்டர் யுனைடெட் சட்டை வைத்திருப்போர்?" பாதி வகுப்பு கையுயர்த்தியது. பிள்ளைகளிடம் ஆர்வம் இருக்கிறது, ஐயா. அது தொலைக்காட்சிப் பெட்டியோடு நின்றுவிடும்படி நாம்தான் பார்த்துக்கொண்டோம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது:

1. உடற்கல்விப் பாடவேளையை எக்காரணம் கொண்டும் வேறு பாடத்துக்கு எடுக்காதீர்கள்.

2. இருக்கும் திடலில் ஓர் அடியையும் கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ கொடுக்காதீர்கள். திடலே இல்லாத பள்ளிகள், அருகிலுள்ள பொதுத் திடலுக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள்.

3. மாணவியரையும் ஆடவிடுங்கள். அமெரிக்காவை உயர்த்தியவர்கள் அவர்களே.

4. பருவத்துக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளை உள்ளூர் ஆட்டம் காண அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்த வாகன நிறுத்துமிடத் தீர்மானம் மீண்டும் வருமென்று சொல்லியிருக்கிறார்கள். நானும் போவேன். அமெரிக்காவைப் பற்றி அந்த ஐயா மறுபடியும் பேசினால், 1972இல் நாம் 3-0 என வென்றதையும், அதன்பின் யார் திடலைக் கொடுத்தார்கள், யார் பறித்தார்கள் என்பதையும் பொறுமையாக எடுத்துரைப்பேன். வாகனத்தைப் பள்ளிக்கு வெளியே, சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரலாம். பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?